பெயர் எழுதாத கொல்லர்களும் பெயர் சுமந்த வாள்களும்

இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சுற்றிச் சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான், நெற்கட்டும்செவல் என்று பாளையங்கள் நெருங்கிக் கிடந்த சீமை இது. இங்கே பழைய வாள் ஒன்று கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "யார் செய்தது?" என்பதுதான். அலகில் ஒரு முத்திரையோ நாலு ரோமன் எழுத்தோ தெரிந்துவிட்டால், செய்தவர் பெயர் கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தென்னிந்திய வாள்களைப் பொறுத்தவரை அந்த முடிவு பெரும்பாலும் தவறு.

நம்மூர்க் கொல்லர்கள் பொதுவாகத் தங்கள் பெயரை இரும்பில் வெட்டி வைத்ததில்லை. அவர்களுடைய கைவண்ணத்தைப் பிடியில்தான் தேட வேண்டும். வாயைப் பிளந்த யாளி, கிளிமூக்கு, அலகின் அடிப்பாகத்தை இருபுறமும் கவ்விப் பிடித்துத் தறையப்பட்ட பூவேலைப் பட்டைகள் ஆகியவை இன்ன வட்டாரம், ஏறத்தாழ இன்ன நூற்றாண்டு என்பதைச் சொல்லும். ஆளின் பெயரைச் சொல்லாது.

அப்படியானால் அலகில் தெரியும் அடையாளங்கள் யாருடையவை? அடிக்கடி காணப்படுவது அரிவாள் முத்திரை. இரண்டு பிறைகள், விளிம்பில் சிறு பற்கள், முனைகளில் புள்ளிகள். இத்தாலியின் ஜெனோவா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் இந்தக் குறியை ஆஸ்திரியாவின் ஸ்டிரியா, ஜெர்மனியின் சோலிங்கன், காகசஸ் மலைநாடு எங்கும் கொல்லர்கள் தாராளமாக அடித்தார்கள். இந்தியக் கொல்லர்களும் விடவில்லை. பாசாவு நகரத்து ஓடும் ஓநாய்க் குறியும் அப்படியே சோலிங்கன் பட்டறைகளுக்குக் குடிபெயர்ந்தது. ஆந்திரேயா ஃபெராரா 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லர். அவர் மறைந்து நெடுங்காலம் ஆன பின்பும் ஸ்காட்லாந்து வீரர்களின் வாள்களில் அவர் பெயர் பொறிக்கப்பட்டு வந்தது. ஆளைக் குறித்த பெயர் தரத்தைக் குறிக்கும் அடையாளமாகிவிட்ட கதை இது.

போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் காலூன்றிய பிறகு ஐரோப்பிய அலகுகள் இங்கே இறங்கின. பல வெறும் அலகுகளாகவே வந்து இங்கே பிடி பூட்டப்பட்டன. அவற்றுக்குப் பரங்கி வாள் என்றே பெயர். தஞ்சாவூர்க் கட்டாரிகளில் இந்தக் கலப்பை நேருக்கு நேர் பார்க்கலாம். கைப்பிடியும் விரல்களை மறைக்கும் கவசத் தகடும் உள்ளூர் வேலை. அலகோ ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டி எடுத்த துண்டு; அதன் நீளவாட்டுப் பள்ளங்கள் முனைவரை வராமல் பாதியில் அறுந்து நிற்பதும் உண்டு. ஒரே ஆயுதத்துக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு கொல்லர்கள். ஆய்வாளர் யாருடைய பெயரை எழுதுவார்?

இந்தக் கேள்விக்கு விடை தந்திருக்கக்கூடிய களஞ்சியம் கலைந்து போனதுதான் வருத்தம். 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அதன் பின் தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலை 1860களில் கலைக்கப்பட்டது. தேர்ந்த சில உருப்படிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதினார். எழும்பூரில் எஞ்சியிருப்பவற்றோடு ஒப்பிடாமல் தெற்கத்தி வாள் எதற்கும் காலம் கணிப்பது கடினம்.

பாரசீக எழுத்து இருந்தால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. இஸ்பஹானைச் சேர்ந்த அசதுல்லா, பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காலத்துப் பெருங்கொல்லராகப் போற்றப்படுகிறார். அவர் பெயர் தாங்கிய அலகுகளின் ஆண்டுகளைக் கோத்துப் பார்த்தால், ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்காமல் நூறாண்டையும் தாண்டி ஓடுகின்றன.

சில எழுத்துகள் செய்தவரைப் பற்றியே அல்ல. 1689இல் ஆதோனிக் கோட்டை விழுந்தபோது, முகலாயப் படையில் இருந்த பிகானேர் அரசர் அனூப் சிங் அங்கிருந்த ஆயுதங்களை ராஜஸ்தானத்துக்குக் கொண்டு சென்றார். தக்காணத்தில் உருவான அந்த ஆயுதங்களில் தேவநாகரியில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பது, கைப்பற்றியவர் கணக்கு. திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. அதில் பொன்னால் எழுதியிருப்பது "அரசனின் வாள்" என்று. ஜெர்மானிய அலகை மாதிரியாகக் கொண்டு முகலாயக் கொல்லர் செய்தது என்று ஏல நிறுவனம் விவரித்தது. அந்தக் கொல்லருக்குப் பெயர் இல்லை.

பாளையச் சீமையின் சான்றுகள் இதைவிட மெலிந்தவை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799 அக்டோபரிலேயே ஆங்கிலேயப் படையின் மேஜர் பானர்மன் ஆயுதத் தடையை அறிவித்து, அதை உலோகத் தகட்டில் பொறித்துப் பாளையங்களில் வைக்கச் செய்தார். 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் அதை மேலும் இறுக்கியது. ஆகவே, இன்று ஒரு குடும்பத்திலோ கோயிலிலோ தப்பியிருக்கும் வாள் ஒவ்வொன்றும் ஆவணம்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைப்போல் கேடு வேறில்லை. ஆழமில்லாத முத்திரையும், உருக்கு அலகின் நீரோட்ட வரிகளும் அத்தோடு போய்விடும். லேசாக எண்ணெய் தடவி, சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்தாலே போதும். கைப்பிடிக்கு அருகிலும் அலகின் முதுகிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

முதுகைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லண்டனின் வில்கின்சன் நிறுவனம் 1854 முதல் தன் அதிகாரி வாள்களின் முதுகில் வரிசை எண் வெட்டி, விற்பனையைப் பேரேட்டில் பதிந்து வந்தது. பர்மிங்ஹாமின் ராபர்ட் மோல் நிறுவனம் இந்தியக் குதிரைப்படைக்கு அனுப்பிய வாள்களில் தன் பெயரோடு இந்தியத் தளவாடத் துறையைக் குறிக்கும் ஐ.எஸ்.டி. என்ற எழுத்துகளும் உண்டு. ஆயுதத் தடைக்குப் பின் கப்பலேறி வந்த இத்தகைய வாள்களில்தான், செய்த பட்டறையை முத்திரையைக் கொண்டே உறுதியாகச் சொல்ல முடிகிறது. வில்கின்சன் எண் தேயாமல் இருந்தால், அந்த வாளை வாங்கிய அதிகாரியின் பெயரும் பேரேட்டில் கிடைக்கலாம்.