இருபது கிராமும் பூச்சியமும்: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் கொலாஜன் புரதத்தைக் கணக்கில் கொள்ளுதல்

அமெரிக்கச் சந்தையில் விற்கும் கொலாஜன் பொடி டப்பாக்களில் பலவற்றின் ஊட்டச்சத்துப் பட்டியலில், புரதத்துக்கான ஒரே வரியில் முரண்படுவதுபோல் தோன்றும் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பக்கம் 20 கிராம். எதிர்ப்பக்கம், அன்றாட அளவில் எத்தனை விழுக்காடு என்று சொல்லும் இடத்தில், 0%. இது அச்சுப்பிழை அன்று. முதல் எண் எடை. இரண்டாவது எண், அந்த எடையைப் புரதத்தின் தரத்தால் திருத்தியபின் எஞ்சுவதை 50 கிராம் என்ற அன்றாட அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. தர மதிப்பெண் நூற்றுக்கு 20க்கும் கீழே போனால் இந்த விழுக்காட்டை அச்சிட வேண்டும். இல்லையேல் இப்பொருள் குறிப்பிடத்தக்க புரத ஆதாரம் அன்று என்ற வாசகத்தையாவது அச்சிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டவரின் உணவுக் குறிப்பேட்டில் இவ்விரண்டு எண்களுள் எதை எழுதுவது?

அண்மைக்கால ஆய்வுப் போக்கு ஒன்று, கிராமையே எழுதலாம் என்கிறது. அதன் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கொலாஜனில் டிரிப்டோபேன் அறவே இல்லை. தர மதிப்பெண்ணோ எந்த அமினோ அமிலம் மிகக் குறைவோ அதை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே கொலாஜனுக்குப் பூச்சியம் கிடைக்கிறது. ஆனால் எவரும் கொலாஜனை மட்டும் உண்டு வாழ்வதில்லை. பாலிலும் இறைச்சியிலும் தேவைக்கு மேல் இருக்கும் டிரிப்டோபேன் இக்குறையை நிரப்பிவிடும். 2019இல் வெளியான ஒரு கணக்கீடு, வழக்கமான அமெரிக்க உணவின் புரதத்தில் 36 விழுக்காடு வரை கொலாஜனாக மாறினாலும் மொத்த உணவின் மதிப்பெண் 1.0 என்ற முழு அளவிலேயே நிற்கும் என்று காட்டியது. அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக நான் கருதவில்லை. அதை அறுவைக்குப் பிந்தைய வார்டுக்குள் கொண்டுவருவதுதான் பிழை.

36 என்பது ஒரு விகிதம். அதன் கீழே ஒரு மொத்தம் ஒளிந்திருக்கிறது. எடைக்குறைப்பு அறுவைக்கான அமெரிக்க வழிகாட்டுதல்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்கின்றன. தேவைக்கேற்பச் சீரான உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை உயர்த்தலாம் என்கின்றன. அந்த 60 கிராம் பெரிதும் நிபுணர் கருத்தின்மேல் நிற்பது. அதன் சான்றுநிலையை வழிகாட்டுதலே தாழ்வாகத்தான் மதிப்பிடுகிறது. அது இருக்கட்டும். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் அந்த 60ஐ எட்டாதவர்கள் ஏராளம் என்பது இத்துறையில் இருப்போர் அனைவரும் அறிந்தது.

சீரான எடை 60 கிலோ உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கைப்படி வயதுவந்தோர்க்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 39 மில்லிகிராம் லூசின் தேவை. இவருக்கு 2,340 மில்லிகிராம். பருப்பும் முட்டையும் தயிரும் கலந்த உணவில் ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 80 மில்லிகிராம் லூசினும், கொலாஜனில் சுமார் 27 மில்லிகிராமும் இருப்பதாகக் கொள்வோம். இவர் 60 கிராம் புரதம் உண்டு, அதில் 36 விழுக்காடு கொலாஜனாக இருந்தால் கிடைக்கும் லூசின் ஏறத்தாழ 3,650 மில்லிகிராம். தாராளம்; எதிர்த்தரப்பு சொல்வது இங்கே சரி. அதே விகிதத்தில் 35 கிராம் மட்டுமே உண்டால்? கொலாஜன் 12.6 கிராம், மற்றவை 22.4 கிராம், லூசின் சுமார் 2,130. தேவைக்குக் கீழே இறங்கிவிட்டோம். ஆனால் அந்த 35 கிராமும் கொலாஜன் கலவாத உணவாக இருந்திருந்தால் 2,800 கிடைத்திருக்கும். வரம்புக்குட்பட்டு உண்டும் ஒருவர் பற்றாக்குறையில் விழுகிறார். கொலாஜனை விட்டிருந்தால் விழுந்திருக்கமாட்டார். மதிப்பெண் இவ்வேறுபாட்டைக் காட்டாததற்குக் காரணம், ஒன்றுக்கு மேல் போகும் எதையும் அது வெட்டி ஒன்றாக்கிவிடுவதுதான். வயிறார உண்பவர்க்கு வெட்டப்பட்ட அந்த உபரி ஒரு பொருட்டல்ல. அரைக் கிண்ணம் உணவில் நிறைந்துவிடும் வயிற்றுக்கோ அந்த உபரிதான் காப்பு.

என் கணக்கும் தோராயமானதே. கலப்பு உணவின் லூசின் அளவை 80க்குப் பதில் 95 என்று கொண்டால், அதாவது முழுக்கப் பால் புரதத்தையே நம்பும் நோயாளி எனில், பற்றாக்குறை மறைந்துவிடும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட மற்ற ஊகங்கள் யாவும் எதிர்த்தரப்புக்கே சாதகமானவை. 39 மில்லிகிராம் என்பது சராசரித் தேவை; பாதிப் பேருக்கு அதைவிட மிகுதியாக வேண்டும். அது போதிய ஆற்றல் உண்ணும் நலமான உடல்களில் கண்ட அளவு. நாளுக்குச் சில நூறு கலோரி மட்டும் உள்ளே போகும் உடலோ, உண்ட புரதத்தில் ஒரு பகுதியை எரிபொருளாகவே செலவழித்துவிடும். அன்றியும், நடைமுறையில் விகிதம் 36இல் நிற்பதில்லை. 25 கிராம் என்று அச்சிட்ட கொலாஜன் குப்பி ஒன்றை நோயாளி காலையில் எளிதாகக் குடித்துவிடுகிறார். அதன்பின் வே ஷேக் குமட்டுகிறது, முட்டை இறங்க மறுக்கிறது, மாலைக்குள் இன்னும் 10 கிராம் சேர்கிறது. குறிப்பேட்டில் 35 என்று விழுகிறது. கொலாஜனின் பங்கு 71 விழுக்காடு. இங்கே மருத்துவரும் டயட்டீஷியனும் பார்ப்பது முன்னேற்றத்தை. உடல் பார்ப்பது தசையைக் கரைக்க வேண்டிய கட்டாயத்தை.

எண்ணிலும் ஒரு கசிவு உண்டு. புரதத்தை அளப்பதென்பது நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது. கொலாஜனில் நைட்ரஜன் செறிவு மிகுதி. அதற்குப் பொருந்தும் பெருக்கெண் 5.55. பொதுப் பெருக்கெண்ணால் 20 என வருவது, உரிய எண்ணால் 17.8தான்.

இப்பொருளை நாடும் நோயாளியை நான் குறைசொல்லமாட்டேன். அறுவை முடிந்த மூன்றாம் மாதத்தை ஒட்டிச் சீப்பில் முடி கொத்தாக வரத் தொடங்குகிறது. எடை சட்டெனக் குறையும்போது முடிக்கால்கள் ஓய்வுநிலைக்குச் செல்வதால் வரும் உதிர்வு அது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அந்தப் பயத்தில் இருப்பவர் முன்னால் முடிக்கும் தோலுக்கும் நல்லது என்று எழுதிய டப்பா நிற்கிறது. நீரில் தெளிவாகக் கரைகிறது, மணம் இல்லை, லாக்டோஸ் இல்லை, அளவும் சிறிது. லாக்டோஸ் ஒவ்வாதவர்க்கு வே கான்சென்ட்ரேட் தந்து வயிற்றுப்போக்கில் தள்ளிய அனுபவம் உள்ளவர்கள் கொலாஜன் பக்கம் சாய்வதும் புரிகிறது. ஆனால் இதற்கு விடை லாக்டோஸ் மிகக் குறைந்த வே ஐசொலேட். தெளிநீராகவே வேண்டும் என்போர்க்கு அமிலத்தன்மையூட்டிய வே பானங்களும் கிடைக்கின்றன.

டிரிப்டோபேனைத் தனியே சேர்த்து விற்கும் கொலாஜன் உண்டே என்பர். அடுத்த தடையாகக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் நிற்கின்றன. மதிப்பெண் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே தேங்கும். கொலாஜன் பெப்டைடு புண்ணை ஆற்றும் என்பது வேறு வழக்கு. அப்பயனுக்காகத் தருவதானால் மருந்துப் பட்டியலில் எழுதித் தரட்டும்; புரதக் கணக்கில் அதற்கு இடமில்லை.

என் தரப்புக்கு எளிதில் கிடைக்கும் ஒரு சான்றை நான் பயன்படுத்தப்போவதில்லை. ராபர்ட் லின் 1976இல் எழுதிய ‘லாஸ்ட் சான்ஸ் டயட்’ நூலை ஒட்டி அமெரிக்காவில் பரவிய திரவப் புரத உணவுமுறை, கொலாஜனைச் சிதைத்துச் செய்த பானத்தை நம்பியது. அதைத் தொடர்ந்தோரிடையே ஏறத்தாழ 60 சாவுகள் பதிவாயின. நெருங்கி ஆராயப்பட்ட 17 பேரில் பலரிடம் இதயத் துடிப்பின் கொடிய ஒழுங்கின்மை காணப்பட்டது. புரதத்தின் தாழ்ந்த தரமே கொன்றது என்று பின்னர் பலர் எழுதினர். ஆனால் அந்த 17 பேரிடமும் பொதுவாக இருந்தவை தொடக்கத்தில் மிகுந்த பருமன், நெடுநாள் நீடித்த மிகக்குறைந்த கலோரி, விரைந்த எடையிழப்பு. தாது உப்புகளின் குறைவும் உடனிருந்தது. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது. அச்சாவுகளை இன்றைய ஷேக் டப்பாவின்மீது ஏற்றுவது நேர்மையாகாது. ஆனால் அம்மூன்று நிலைமைகளும் எடைக்குறைப்பு அறுவைக்குப் பின்னும் ஒருங்கே நிகழ்கின்றன என்பதை எவரும் மறுக்கமுடியாது. அதனாலேயே புரதத்தின் தரத்தை இரண்டாம்நிலைக் கேள்வியாகத் தள்ளிவைக்க மனம் ஒப்பவில்லை.

இந்த எச்சரிக்கை புதிதும் அன்று. எடைக்குறைப்பு அறுவைக்கான அமெரிக்கச் சங்கத்தின் 2008 ஊட்டச்சத்து வழிகாட்டுதல், கொலாஜனின் மதிப்பெண் பூச்சியம் என்பதை வெளிப்படையாகவே பதிவுசெய்திருக்கிறது. பின்வந்தோர் 60 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, எதன் 60 என்பதைக் கைவிட்டனர்.

தனிக் கொலாஜன் டப்பாவைவிடக் கலவைகளே எனக்குக் கவலை தருகின்றன. புரதக் கலவை என்ற பெயரில் வேயும் சோயாவும் சிதைத்த கொலாஜனும் சேர்ந்திருக்கும். எது எத்தனை கிராம் என்று தயாரிப்பாளர் சொல்வதில்லை. புரத பார்களில் மென்மைக்காக ஜெலட்டின் சேர்வதும் வழக்கம். இங்கேதான் அந்த இரண்டாவது எண் கைகொடுக்கிறது. விழுக்காடு அச்சாகியிருந்தால் அதைப் பாதியாக்கினால் போதும். அன்றாட அளவு 50 கிராம் என்பதால், வருவது திருத்திய புரதத்தின் கிராம். 20 கிராம் என்று முகப்பில் சொல்லி 14% என்று பட்டியலில் காட்டும் பார் தருவது 7 கிராம். குறிப்பேட்டில் 7 என்றே எழுதவேண்டும். விழுக்காட்டுப் பத்தியே இல்லாத டப்பாவில், சேர்பொருள்களின் வரிசையில் கொலாஜனோ ஜெலட்டினோ முதலில் நின்றால், முதல் மூன்று மாதங்களுக்கு அதை நோயாளியின் புரதக் கணக்கில் சேர்க்கவே கூடாது.