14 டன் டைப்ரைட்டரும் ஒரு சின்ன மெடலும்

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்து அரசு வேலைக்கு வந்த நம் தலைமுறைக்கு ரெமிங்டன், அண்டர்வுட் என்ற பெயர்கள் புதியவை அல்ல. அந்த அண்டர்வுட் கம்பெனியின் 1915-ஆம் ஆண்டு நினைவு மெடலை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அதன் கதையைச் சொல்கிறேன்.

பனாமா கால்வாய் 1914-இல் திறக்கப்பட்டது. அதைக் கொண்டாட மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் உலகக் கண்காட்சி நடந்தது. 1906-இல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்த அந்த நகரத்துக்கு, தான் மீண்டு எழுந்ததைக் காட்டவும் அது ஒரு வாய்ப்பு. அங்கே அண்டர்வுட் கொண்டுவந்து நிறுத்தியது 14 டன் எடையுள்ள ஒரு டைப்ரைட்டரை! சாதாரண இயந்திரத்தைவிட 1,728 மடங்கு பெரியது என்று விளம்பரம் செய்தார்கள். கணக்கு எளிது: நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 மடங்கு, 12-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்.

அது வெறும் பொம்மை அல்ல. சாதாரண டைப்ரைட்டர் ஒன்றை மின்சாரத்தால் அதனோடு இணைத்திருந்தார்கள். சிறியதில் ஓர் எழுத்தைத் தட்டினால் பெரியதிலும் அதே எழுத்து விழும். அன்றாடச் செய்திகளை அதில் அடித்துக் காட்டினார்கள்.

அண்டர்வுட் பெருமைப்படக் காரணம் இருந்தது. பழைய ரெமிங்டன்களில் எழுத்து உருளைக்கு அடியில் போய் விழும். அடித்ததைப் பார்க்க உருளையைத் தூக்க வேண்டும். வாக்னர் என்பவர் வடிவமைத்த அண்டர்வுட்டில், அடிக்க அடிக்க எழுத்து கண்ணெதிரே தெரியும். நாலு கார்பன் காப்பியிலும் ரப்பர் போட்டுத் தேய்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்த ராட்சத இயந்திரம் பிறகு அட்லாண்டிக் சிட்டியில் காட்சிக்கு இருந்தது. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கும் போனது. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்துக்காக உருக்கப்பட்டுவிட்டது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இங்கே ஈபெல் கோபுரம் நினைவுக்கு வருகிறது. அதுவும் 1889 பாரிஸ் கண்காட்சிக்காகக் கட்டியதுதான். 20 ஆண்டுகளுக்குத்தான் அனுமதி. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் பிழைத்துக்கொண்டது. 14 டன் டைப்ரைட்டருக்கு அப்படி ஒரு வேலை அமையவில்லை. அதன் சின்னத் தம்பிகளோ உலகமெங்கும் ஆபீஸ்களில் மேலும் பல்லாண்டு உழைத்தன.

இன்று அந்தப் பெரிய இயந்திரத்தைப் பார்க்க முடியாது. சட்டைப் பையில் அடங்கும் மெடல்தான் மிச்சம். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இப்படி ஏதாவது கம்பெனி மெடல் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு முறை துடைத்துப் படித்துப் பாருங்கள்.