மலைக்குப் போன சனம்: கண்ணன் தேவன் மலை வரலாற்றில் விடுபட்டவை

எங்க ஊர்ப் பக்கம் 'மலைக்குப் போறது' என்றால் பழனிமலையும் இல்லை, சபரிமலையும் இல்லை. கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் சுற்றுவட்டாரச் சேரிகளில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். தேயிலைக் காடு. மழை பொய்த்த வருசம் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், "அவுக மலைக்குப் போயிட்டாக" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டி சொல்லுவாள்: "மலைன்னா குளிரும் அட்டையுந்தாண்டா. ஆனா அங்க எவனும் துண்டை இடுப்புல கட்டச் சொல்ல மாட்டான்." இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. எந்த மலை வரலாற்றுப் புத்தகத்திலும் அது ஒரு அத்தியாயமாகக்கூட வந்ததில்லை.

முதலில் மலையைப் பார்ப்போம். முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறு கூடுகிற இடம் மூணாறு. அதைச் சுற்றி நிற்பவை கண்ணன் தேவன் மலைகள். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இங்கேதான் இருக்கிறது. இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்கே மறையூர், அஞ்சுநாடு மழை மறைவுப் பூமி. அங்கே சந்தன மரமும், 'முனியறை' என்று சனங்க சொல்லுகிற பழங்காலக் கல்லறைகளும் உண்டு. தென்கிழக்கு விளிம்பில் நின்றால் கீழே போடிநாயக்கனூர்ச் சமவெளி. நம்ம சனம் ஏறிய வழி அதுதான்.

உச்சியில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. இரண்டும் சேர்ந்துதான் மழைத் தண்ணியைப் பிடித்து வைத்து ஓடையாக விடுகின்றன. சோலையை வெட்டிய சரிவில் தண்ணி நிற்காது, ஓடும். இது பின்னால் நமக்கு வேண்டியிருக்கும். அந்தப் புல்வெளியில் பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. பாறை விளிம்பில் வரையாடு மேயும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாடு, கேரளப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அது இல்லை.

இந்த மலையில் முதலில் இருந்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததால் அந்தப் பேர் என்பது அவர்கள் சொல்லுகிற கதை. கண்ணன், தேவன் என்ற பழைய தலைவர்கள் பேரால் மலைக்குப் பேர் வந்தது என்றும் சொல்லுவார்கள். இன்றைக்கு அந்தப் பேரைத் தேயிலைப் பொட்டலத்தில்தான் உலகம் படிக்கிறது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடம் இந்த மலையை எழுதி வாங்கினார். 227 சதுர மைல். கொடுத்தவர் மலையில் வாழ்ந்தவர் இல்லை. வாழ்ந்தவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கீழே சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? தாது வருசப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை லட்சக்கணக்கில் செத்தார்கள். நிலமில்லாத சேரிச் சனம்தான் முதலில் விழுந்தது. மேலே ஒரு பத்திரம், கீழே ஒரு பஞ்சம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தேயிலையின் வரலாறு புரியாது.

சிங்கோனா, காப்பி என்று முயன்று பார்த்து, 1880 வாக்கில் ஷார்ப் என்ற துரை பார்வதி எஸ்டேட்டில் தேயிலை வைத்தார். 1890களில் ஃபின்லே கம்பெனி வந்தது. மலை தோட்டமானது. சோலையை வெட்டியது யார்? குழி போட்டது யார்? போடிப் பக்கமிருந்து செங்குத்துப் பாதையில் தலைச்சுமையாகச் சாமான் ஏற்றியது யார்? புத்தகங்கள் 'கூலிகள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளும். அந்தக் 'கூலி'களில் மிகப் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர்.

கங்காணி முன்பணத்தோடு ஊருக்கு வருவான். முன்பணம் கடனாகும், கடன் கழியாது. கங்காணி எல்லாரும் மேல்சாதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நம்மவர்களிலும் கங்காணி இருந்தார்கள். சொந்தச் சனத்தின் பேரில் கமிசன் வாங்கினார்கள். இதையும் நாம்தான் எழுத வேண்டும். ஆனாலும் ஏன் போனார்கள்? பண்ணையாளாக ஒருவன் காலில் கிடப்பதற்கு, துரையிடம் உதை வாங்குவது மேல் என்று பட்டிருக்கிறது. பாட்டி சொன்ன துண்டுக் கணக்கு அதுதான். சாதி மலையேறாமல் இல்லை. லயத்திலும் இருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்றார்கள், ஒரே குழாயில் தண்ணி பிடித்தார்கள். ஊரில் அது கனவு.

மூணாறில் ஒரு கல்லறை பிரசித்தம். எலினார் நைட் என்ற இளம் பெண், துரை வீட்டு மருமகள், 1894இல் காலராவில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பக்கத்தில் பிறகு தேவாலயம் எழுந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்குக் கதை சொல்லுகிறார்கள். செத்துப்போன அந்தப் பெண் மேல் நமக்குக் கோபம் இல்லை. காலரா துரைவீட்டை மட்டுமா தேடி வந்தது? லயத்தில் காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களின் மேடுகள் தேயிலைக்குள்ளே கரைந்துவிட்டன.

1908இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேசனுக்குச் சின்ன ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டி கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 ஜூலையில் மழை பிடித்தது. மலையாளக் கணக்கில் 1099ஆம் ஆண்டு என்பதால் 'தொண்ணூத்தொன்பது வெள்ளம்' என்பார்கள். மலை சரிந்தது, ரயில் பாதை போனது. ரயில் திரும்ப ஓடவில்லை. லயங்கள் மட்டும் சரிவுகளிலேயே தொடர்ந்தன.

துரைமாருக்கு வேட்டையாட ஒரு இடம் வேண்டும். இரவிக்குளம் புல்வெளியைத் தேயிலை வைக்காமல் வேட்டைக்காடாக வைத்திருந்தார்கள். முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். அதனால்தான் வரையாடு பிழைத்தது என்பதும் உண்மை. 1971இல் கேரள அரசு சட்டம் போட்டுக் கம்பெனி நிலத்தை எடுத்தது. சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனிக்கே விட்டுவைத்தது. இரவிக்குளம் 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. ஆட்டுக்கு 97 சதுர கிலோமீட்டர் கிடைத்தது. நல்லது, கிடைக்க வேண்டியதுதான். அந்த நிலப் பங்கீட்டில் தோட்டத்தைப் போட்ட சனத்துக்கு ஒரு சென்ட் உண்டா? வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருத்தர் கொழுந்து எடுக்கப் போனால்தான் வீடு தங்கும். படித்த பிள்ளை சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950க்கு முன்னால் உன் தாத்தா இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்பார்கள். 1956இல் எல்லை பிரித்தபோது தேவிகுளம் கேரளத்தோடு போனது. அங்கே தமிழன், இங்கே வந்தால் மலைக்காரன்.

2015 செப்டம்பரில் பெண்கள் எழுந்தார்கள். தினக்கூலி 232 ரூபாய். போனசையும் குறைத்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. 20 சதவீதம் வாங்கினார்கள். பிறகு கூலி 301 ஆனது. கேட்டது 500. வீடும் நிலமும் பேச்சாகவே நின்றது.

பிறகு பெட்டிமுடி. இரவிக்குளம் பூங்காவில் வரையாடு பார்க்க ராஜமலைக்குப் போகிறார்களே, அதே வழியில் இன்னும் கொஞ்சம் தள்ளி உள்ளே. 2020 ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ராத்திரி மலை உடைந்து லயங்கள் மேல் விழுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியுலகத்துக்குச் சேதி போனது மறுநாள் காலையில். 70 பேர். நாலு பேர் உடல் கிடைக்கவே இல்லை. அதில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. கிடைத்த உடல்களை ராஜமலையில் வரிசையாகப் புதைத்தார்கள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. அந்தச் சாவும் சாவுதான். அங்கே மாநில அரசு அறிவித்தது பத்து லட்சம், பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம்.

எங்க ஊரில் அன்றைக்கு டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் கேட்டார்: "எத்தனை பேர்னு எப்படிடா எண்ணுவான்? அவனுகளுக்குத் தெரியுமா?" 2025இல் இரண்டு மாநில வனத்துறையும் சேர்ந்து வரையாடு எண்ணினார்கள். 2,600க்கு மேல் வந்தது. பாறை பாறையாக நடந்து எண்ணுகிறார்கள். வேண்டியதுதான்.

நம்ம கணக்கை யார் எடுப்பது? கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கம் படிக்கிற மாணவர்கள் ஒரு காரியம் செய்யலாம். மலையிலிருந்து திரும்பிய கிழவன் கிழவி இன்னும் இருக்கிறார்கள். எந்த வருசம் போனாக, எந்தக் கங்காணி கூட்டிப் போனான், எந்த எஸ்டேட், எத்தனாவது லயம், யார் அங்கேயே செத்தாக, எங்கே புதைச்சாக என்று கேட்டு எழுதி வையுங்கள். 1950க்கு முன்னால் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள் அல்லவா? நாளைக்கு நிலம் கேட்கும்போது மேசைமேல் வைக்க நம்ம கையிலும் ஒரு பத்திரம் வேண்டும்.