பொதிமாடும் போலீஸ் பதிவேடும்

ஒரு சாதியாரைப் பற்றிக் கேட்டால், "அவர்கள் அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது எந்தக் காலம் என்று யாரும் கேட்பதில்லை. குறவர் மக்களின் கதையில் அதற்குப் பதில் இருக்கிறது.

பழைய சென்னை மாகாணத்தில் குறவர்களிலும், தெலுங்குச் சீமையில் எருகுலர் எனப்பட்டவர்களிலும் பலர் உப்பு வியாபாரிகள். கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி, உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றுவார்கள். நல்ல ரோடு இல்லாத ஊர்களுக்கு அவர்கள் தேவைப்பட்டவர்கள்.

1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் நீள நீள, உப்பு கூட்ஸ் வண்டியில் ஏறியது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மாடுகள் மாண்டன. 1882-ல் வனச் சட்டம் வந்ததும், கூடை முடைய மூங்கில் வெட்டுவதும் சிரமமாயிற்று. பிழைப்பு போனவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அலைகிறவர்கள் மேல் சர்க்காருக்குச் சந்தேகம்.

1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ல் நம் மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே குற்றப்பரம்பரை என்று அறிவித்து, அதில் பிறந்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம். கைரேகை எடுக்கலாம். குறித்த நேரத்தில் ஆஜராகச் சொல்லலாம். அவரவர் திருடினாரா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. இன்றைய ஆந்திராவின் ஸ்டூவர்ட்புரம், எருகுலரைக் குடியமர்த்த அப்போது உருவாக்கிய ஊர்தான். வயலிலும் புகையிலைத் தொழிற்சாலையிலும் உழைத்த ஜனங்கள் அங்கே இருந்தார்கள். சினிமாவுக்கு மட்டும் அது இன்றும் திருடர் ஊர்.

சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல் ஒழிந்தது. ஆனால் சட்டம் போன பிறகும் பேச்சு போகவில்லை. தெருவில் மூட்டையோடு புது ஆள் வந்தால், "வாசலில் கிடக்கும் சாமானை உள்ளே எடு" என்ற குரலை நம் தலைமுறையில் கேட்காதவர் குறைவு.

உப்பு விற்றவர்கள் எழுதி வைக்கவில்லை. போலீஸ் எழுதி வைத்தது. எழுதியதே ஊரின் ஞாபகமாகிவிட்டது. "அந்தக் காலம்" என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அந்தப் பதிவேட்டின் காலம்தான். அதற்கு முந்தைய காலமும் ஒன்று உண்டு. உப்பு மூட்டையோடு வந்தவர்களைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி ஏதாவது சொல்லியிருந்தால், அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.