மூச்சு விட மறந்த வீடு

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. பீப்பாய் 3 டாலர் சொச்சத்துக்கு விற்ற கச்சா எண்ணெய், அடுத்த ஜனவரியில் 12 டாலரை நெருங்கிவிட்டது. எல்லோருக்கும்தான் அடி. ஆனால் குளிர் தேசத்துக்காரனுக்கு, வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதற்கே எரிபொருள் வேண்டும்.

கனடாவில் சஸ்காட்சுவான் என்று ஒரு மாகாணம். தலைநகர் ரெஜைனா. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி வரைக்கும் போகும். சூரிய சக்தியில் சூடாகிற வீடு ஒன்றைக் கட்டிக் காட்டுங்களேன் என்று மாகாண அரசு கேட்டது. ஹெரால்ட் ஆர், ராபர்ட் பெசன்ட் முதலான பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். எப்போது சூடு அதிகம் தேவையோ, அப்போதுதான் அங்கே பகல் சுருங்கிவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பானேன்? முதலில் ஓட்டையை அடைப்போம் என்றார்கள்.

1977-ல் வீடு தயார். சுவரில் தடிமனான இன்சுலேஷன். அதன் உள்பக்கம் பாலிதீன் தாள். கதவு நிலையில் மின்விசிறியைப் பொருத்திக் காற்றை இழுத்து, எங்கே கசிகிறது என்று தேடுவதில் ஆர் கெட்டிக்காரர். பஞ்சர்க் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

சரி, டப்பாபோல மூடிய வீட்டுக்குள் இருப்பவன் கதி?

நாலு பேர் உள்ள குடும்பம் சமைத்து, குளித்து, துணி உலர்த்தி, மூச்சுவிட்டே ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீரைக்கூட ஆவியாக்கிவிடும். பழைய வீடுகளில் அது இடுக்கு வழியாகப் போய்விடும். போதாக்குறைக்கு உள்ளே நுழைகிற உறைகுளிர்க் காற்றில் ஈரமே இருக்காது என்பதால், உதடு வெடிக்குமளவுக்கு வீடு வறண்டு கிடக்கும். இடுக்கை அடைத்தால் கதை தலைகீழ். ஜன்னல் கண்ணாடி வியர்க்கும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். சுவருக்குள் புகுந்த ஆவி, குளிர்ந்த பகுதியைத் தொட்டதும் நீராகும், உறையும். வசந்தத்தில் உருகி மரத்தை அழுகவைக்கும். பாலிதீனைச் சூடான உள்பக்கத்தில் ஒட்டியது அதைத் தடுக்கத்தான்.

ஆனால் காற்று வந்தாகவேண்டுமே. பெசன்ட் குழு ஒரு பெட்டி செய்தது. உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் தாள்கள். ஒருபுறம் வெளியேறும் அழுக்குக் காற்று, மறுபுறம் உள்ளே வரும் புதுக் காற்று. இரண்டும் கலக்காது. ஆனால் போகிறது தன் சூட்டை வருகிறதிடம் கொடுத்துவிட்டுப் போகும். இதிலும் ஒரு வம்பு. வெளியேறும் காற்றிலுள்ள ஈரம் பெட்டிக்குள்ளேயே உறைந்து வழியை அடைக்கும். அவ்வப்போது பனியை உருக்க வேண்டியிருந்தது.

அடைப்பதை மட்டும் கற்றுக்கொண்டு பெட்டியை மறந்தவர்களே அன்றைக்கு அதிகம். அமெரிக்காவில் இத்துறைப் பொறியாளர் சங்கம், புகை பிடிக்காத இடங்களில் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்றே போதும் என்று 1981-ல் விதி எழுதியது. எரிபொருள் மிச்சமாம். அடைத்துவைத்த அலுவலகங்களில் தலைவலி, கண் எரிச்சல் என்று புகார்கள் கிளம்பின. 1989-ல் அதே சங்கம் குறைந்தபட்சம் 15 என்று மாற்றிக்கொண்டது.

ரெஜைனா பாடத்தை ஒழுங்காகப் படித்தவர் ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஃபைஸ்ட். டார்ம்ஸ்டாட் நகரில் 1991-ல் குடியேறிய அவருடைய 'பாஸிவ் ஹவுஸ்' வீட்டிலும் இறுக்கமான சுவர், கூடவே வெப்பம் மீட்கும் பெட்டி. 2015-ல் அவருடைய நிறுவனமே சஸ்காட்சுவான் வீட்டுக்கு முன்னோடி விருது கொடுத்தது.

அரசு ஆசைப்பட்டதற்காக ரெஜைனா வீட்டில் சூரியச் சாதனங்களையும் பொருத்தியிருந்தார்கள். அவற்றைப் பிற்பாடு கழற்றிவிட்டார்கள்.