ஒரு பொய்க் கடிதமும் ஆறு ரத்த மாதிரிகளும்

ஆய்வகத்தில் ஒருவன் கொடிய வைரஸ் ஒன்றை உருவாக்குகிறான். அது வெளியே வருகிறது, மக்கள் சாகத் தொடங்குகிறார்கள். கடைசியில் ஒரு மருத்துவரோ விஞ்ஞானியோ உண்மையைத் துப்புத்துலக்கி உலகத்தைக் காப்பாற்றுகிறார். இந்தக் கதை நமக்குப் பழகிப்போனது. 2008-ல் வந்த ‘தசாவதாரம்’ படத்தில் அமெரிக்காவில் உருவான உயிரி ஆயுதம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. 2011-ல் ‘ஏழாம் அறிவு’ படத்தில் கிருமி சீனாவிலிருந்து வந்தது. ராபின் குக் 1987-ல் வெளியிட்ட ‘அவுட்பிரேக்’ நாவலில் எபோலா வைரஸை வேண்டுமென்றே பரப்புகிறார்கள். சதியைக் கண்டுபிடிப்பவர் மரிசா என்ற இளம் பெண் மருத்துவர்.

நான் ஊரப்பாக்கத்தில் வசிக்கிறேன்; கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். என் மாணவிகளுக்கு இந்த மாதிரிக் கதைகள் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் இவற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாணவி கேட்பாள்: “எய்ட்ஸ் வைரஸும் இப்படி லேப்ல செஞ்சதுதானே மேடம்?” இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு முனை டெல்லியிலும் இன்னொரு முனை சென்னையிலும் இருக்கிறது.

1983 மே மாதம், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று எய்ட்ஸ் நோயாளியிடமிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் பிரான்சுவா பாரே-சினூசி. பெண் விஞ்ஞானி. பின்னர் 2008-ல் இதற்காக நோபல் பரிசு பெற்றார். அவரது கட்டுரை வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. ஜூலையில் டெல்லியிலிருந்து வெளிவந்த ‘பேட்ரியாட்’ நாளிதழில் பெயரில்லாத கடிதம் ஒன்று அச்சானது. எழுதியவர் அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் குறிப்பு இருந்தது. எய்ட்ஸ் அமெரிக்க ராணுவத்தின் உயிரி ஆயுத ஆய்வில் உருவானது, அது இந்தியாவுக்குள்ளும் வரக்கூடும் என்றது கடிதம்.

இதைப் பரப்பியது சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. 1985-ல் மாஸ்கோவின் ‘லிதரத்தூர்னயா கெஸெத்தா’ வார இதழ் இந்த டெல்லிக் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டி விரிவான கட்டுரை வெளியிட்டது. கிழக்கு ஜெர்மனியின் யாக்கோப் சேகல் என்ற உயிரியலாளர் அதற்கு அறிவியல் சாயம் பூசினார். சில ஆண்டுகளுக்குள் பல கண்டங்களின் பத்திரிகைகளில் அந்தக் கதை மறுபடி மறுபடி அச்சேறியது. 1992-ல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் யெவ்கேனி பிரிமகோவ், இது தங்கள் அமைப்பின் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார்.

அறிவியல் சொல்வது வேறு. எச்.ஐ.வி., மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளின் வைரஸ் ஒன்றிலிருந்து மனிதருக்குத் தாவியது. 1999-ல் பியாட்ரிஸ் ஹான் என்ற பெண் விஞ்ஞானியின் குழு அந்த உறவைத் தெளிவாக்கியது. மரபணுக்களின் மாற்றத்தைக் கணக்கிட்டால், தாவல் நடந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்று கின்ஷாசா எனப்படும் நகரில் 1959-ல் எடுத்துவைத்த ரத்த மாதிரியில் வைரஸ் இருந்தது. மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பமோ 1970-களில்தான் வந்தது. கத்தி செய்யப்படுவதற்கு முன்பே காயம் இருந்திருக்கிறது.

மாணவிகளுக்கு இதுவரை சொன்னால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பொய்க் கடிதம் எச்சரித்த வைரஸ் இந்தியாவில் உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்ட கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். அது நம் ஊர்க் கதை.

1985-ன் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. வயது 32. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடியபோது, எய்ட்ஸ் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார் அவரது பேராசிரியர் சுனிதி சாலமன். அப்போது எய்ட்ஸை மேற்கத்திய நோய் என்றே இந்தியாவில் பலரும் நம்பினார்கள். நிர்மலாவும் தயங்கினார். அவரது கணவர் வீரப்பன் ராமமூர்த்திதான் செய்து பார்க்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார்.

பாலியல் தொழிலில் இருந்த பெண்களை எங்கே தேடுவது? பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் தொடங்கினார். அங்கே வந்த பெண்கள் பலரின் முகவரி ‘வி ஹோம்’ என்று பதிவேட்டில் இருந்தது. விஜிலென்ஸ் ஹோம்: கைதாகி, ஜாமீன் கட்ட வழியில்லாத பெண்களை அடைத்து வைக்கும் காப்பகம். நிர்மலா காலையில் வேலைக்குப் போகும் முன் அங்கே போனார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். கையுறை இல்லை. மூன்று மாதங்களில் 80 மாதிரிகள் சேர்ந்தன. தனியாகப் பிரித்தெடுத்த சீரம் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது.

எலிசா பரிசோதனை வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடி போனார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் பரிசோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலாவின் ஆய்வேடு 1987 மார்ச்சில் முடிந்தது. ராபின் குக்கின் மரிசா புத்தகக் கடைக்கு வந்த அதே ஆண்டு.

மரிசாவின் கதை அங்கே முடிந்துவிடும். சதிகாரர்கள் பிடிபடுவார்கள், புத்தகத்தை மூடிவிடலாம். சென்னையில் பிடிபட்டது யார்? அந்தப் பெண்கள் ஏற்கெனவே பிடிபட்டுத்தான் இருந்தார்கள். பரிசோதனைக்கு அவர்கள் கிடைத்ததே அதனால்தான். எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்றும் அவர்களிடம் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். இதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அக்கால மருத்துவத்தில் சம்மதம் என்பது நோயாளியிடம், அதிலும் ஏழைப் பெண்ணிடம், கேட்கும் பொருளாக இருக்கவில்லை. ஒரு பெண்ணின் துணிவும் உழைப்பும், வேறு பெண்களின் அடைபட்ட உடலும் சேர்ந்தே இந்தக் கண்டுபிடிப்பு. பெண்ணிய வரலாறு எழுதும்போது முதலாவதை மட்டும் கொண்டாடிவிட்டு நகர முடியாது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். ‘வெளியே விட்டால் பரப்பிவிடுவார்கள்’ என்பது வாதம். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1990-ல் அவர்களை விடுவிக்க உத்தரவு வந்தது. அவர்களிடம் பணம் கொடுத்துப் போன ஆண்களை அடைத்து வைக்க யாரும் யோசிக்கவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இந்த வாதம் 1986-ல் பிறந்ததும் அல்ல. ஊரப்பாக்கத்தில் கடற்கரை ரயிலில் ஏறினால் வழியில் பரங்கிமலை வரும். ஆங்கிலேயரின் ராணுவக் குடியிருப்பு இருந்த இடம். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் ‘லாக் ஆஸ்பத்திரி’ இருந்தது. 1868-ன் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டு உடற்பரிசோதனைக்கு வர வேண்டும் என்றது. நோய் இருந்தால் பூட்டிய மருத்துவமனை. சிப்பாய்களுக்கு அந்தச் சட்டத்தில் பதிவும் இல்லை, கட்டாயப் பரிசோதனையும் இல்லை. ஆண் உடலைக் காக்க வேண்டிய சொத்தாகவும் பெண் உடலை நோயின் கிடங்காகவும் பார்த்த அந்தச் சட்டம் 1888-ல் ரத்தானது. பார்வை மட்டும் ரத்தாகவில்லை.

சதிக் கதை குற்றவாளியைத் தொலைதூர ஆய்வகத்தில் வைக்கிறது. காவல்துறையின் கதை குற்றவாளியைத் தெருவில் நிற்கும் பெண்ணாகக் காண்கிறது. இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டிலும் ஒரே இடம் தப்பித்துக்கொள்கிறது: வீடு. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த எச்.ஐ.வி. உள்ள 134 பெண்களைப் பற்றி 2000-ல் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் 88 விழுக்காட்டினர் ஒருவனுக்கு ஒருத்தி என்றே வாழ்ந்தவர்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி அப்படிக் கணவரிடமிருந்து தொற்றைப் பெற்றவர். அதை மறைக்காமல் பொதுவெளியில் சொன்னார், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பை 1998-ல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். ‘ஒழுக்கமாக இருந்தால் நோய் வராது’ என்று சுவர்களில் எழுதிய காலத்தில், ஒழுக்கமாக இருந்த பெண்களுக்கே நோய் வந்தது என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! ஆணுறை போடச் சொல்லிக் கணவனிடம் கேட்க முடியாத கட்டிலை எந்தத் திரில்லரும் ஆபத்தான இடமாகக் காட்டியதில்லை.

அதே ரயில் பாதையில், பரங்கிமலைக்கு முன்பாகவே, தாம்பரம் சானடோரியம் வருகிறது. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய மருத்துவமனையின் பெயர்தான் நிலையத்துக்கும். 1990-களில் மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகள் அங்கே வந்து குவிந்தார்கள். மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளம் விதவைகள் பலர். மகன் இறந்ததற்கு மருமகளைக் காரணம் காட்டிய குடும்பங்கள் அவை. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் சில மையங்களில் தாம்பரமும் ஒன்று.

2020-ல் கொரோனா வந்தபோது எங்கள் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வைரஸ் எந்த நாட்டு ஆய்வகத்தில் பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் விவாதம் நடந்தது. அதே குழுவில் முதல் தீர்மானம், வீட்டு வேலைக்கு வரும் பெண்களை வாசலோடு நிறுத்துவது. விமானத்தில் வந்து இறங்கிய பிள்ளைகளைப் பற்றித் தீர்மானம் ஏதும் இல்லை. வைரஸின் பிறப்பைக் கேட்பது தவறல்ல, அது அறிவியலின் கேள்வி. ஆனால் தொலைவில் ஒரு வில்லனைத் தேடிக்கொண்டே பக்கத்தில் இருக்கும் பலமில்லாதவளை வெளியே தள்ளும் பழக்கத்தை நான் வரலாற்றில் பலமுறை பார்த்துவிட்டேன்.

அதனால் இப்போதெல்லாம் மாணவிகளிடம் திரில்லர் படிக்க வேண்டாம் என்று சொல்வதில்லை. படித்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். யாரைப் பூட்டி வைத்தார்கள்? யாரை விட்டுவிட்டார்கள்? மருந்து யாருக்கு எப்போது கிடைத்தது? மூன்றாவது கேள்விக்கு நம் ஊர்க் கதையில் தெளிவான கணக்கு இருக்கிறது. மஞ்சளாக மாறிய அந்த ஆறு மாதிரிகள் 1986 பிப்ரவரியில். அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில். இடையில் 18 ஆண்டுகள்.