ஒரு கூரையின் கீழ்: திருவனந்தபுரத்துத் திரையரங்குகள்

திரையரங்கிற்குச் செல்வதால் இனியும் பயன் உண்டோ என்னும் வினா இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. வேண்டிய படம் வேண்டிய பொழுதில் வீட்டுக்கே வந்து நிற்க, பேருந்தேறிச் சென்று சீட்டு வாங்கி அயலார் நடுவே அமர்வது எதற்கு? திருவனந்தபுரத்தின் வரலாறு இதற்கு விடை காணத் துணைசெய்யும்.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் திரைப்படக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை வகுத்தது பிறப்பன்று, காசே என்றும் ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் எழுதினார். திருவிதாங்கூரில் கோயிற்கதவு எல்லார்க்கும் திறந்தது 1936-இல்தான் என்பதை நினைந்தால் இக்கருத்தின் வலிமை விளங்கும்.

ஆயினும் இதே நகர் அதற்கொரு மறுப்பையும் வைத்திருக்கின்றது. மலையாளத்தின் முதற் படமான ‘விகதகுமாரன்’ இங்குள்ள காப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டது. 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். எடுத்தவர் ஜே. சி. டேனியல். வாய்பேசாப் படமாதலின் தமிழர், மலையாளி என்னும் மொழிவேறுபாட்டிற்கு அங்கு இடமில்லை. வேறுபாடு வேறோரிடத்தில் முளைத்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த பி. கே. ரோசி அதில் நாயர் குலப் பெண்ணாகத் தோன்றினார். அது பொறாத கூட்டம் திரைமீது கல்லெறிந்தது. ரோசி ஊரை விட்டே ஓட நேர்ந்தது. நாகர்கோவிற் பக்கம் சென்று எஞ்சிய வாழ்நாளைப் பெயர் தெரியாமற் கழித்தார் என்பர். சொத்தை விற்றுப் படமெடுத்த டேனியலும் பல் மருத்துவராய்த் தமிழகத்து ஊர்களில் வாழ்ந்து 1975-இல் மறைந்தார். அவர் பெயரால் கேரள அரசு விருது நிறுவியது 1992-இல். காசு கொடுத்தவன் உள்ளே அமரலாம். திரையில் யார் தோன்றலாம் என்பதோ வேறு கணக்காயிருந்தது!

நாகர்கோவிலிற் பிறந்த பி. சுப்பிரமணியம் 1951-இல் நேமத்தில் மெரிலாண்ட் படநிலையத்தை நிறுவினார். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையவே, தலைநகரில் எஞ்சிய தமிழர் தனித்தனர். சாலைத் தெரு வணிகர்க்கும் கரமனை அக்கிரகாரத்தார்க்கும் தமிழ் பெரும்பாலும் வீட்டு மொழி, கடை மொழி. தமிழ்ப்படம் ஓடிய மூன்று மணி நேரம் மட்டும் அது பொதுவிடத்தில் உரத்து ஒலித்தது. அருகிருந்த மலையாள நண்பரும் அந்நகைச்சுவைக்குச் சிரித்தார். இது சிறிய செய்தியன்று. பெருந்தொற்றால் அடைபட்ட கேரள அரங்குகள் 2021 சனவரி 13 அன்று மீண்டும் திறந்தபோது முதலில் ஓடியதும் ‘மாஸ்டர்’ என்னும் தமிழ்ப்படமே.

இன்றைய பேரங்காடி அரங்குகளை நாம் புகழ மாட்டோம். பழங்கொட்டகையில் தரைச்சீட்டு வாங்கியவனுக்கு அங்கே இடமில்லை. அன்று பிறப்பை வென்ற காசு இன்று தானே வாயிற்காவலாய் நிற்கின்றது. 1996-இல் தோன்றிய கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் வரிசைகளே நம் நெஞ்சைக் கவர்கின்றன. ஆண்டுதோறும் கைரளி, தாகூர் அரங்குகளின் முன் மாணவரும் முதியோரும் நெடுநேரம் நின்று, மொழி அறியாப் படத்தைப் பற்றி அறிமுகமில்லாதவரோடு வாதிடுகின்றனர்.

தமிழ் எழுத்தறியாத நம் பிள்ளைகள் வீட்டில் படம் பார்க்கையில் அடியில் ஓடும் ஆங்கில வரியைப் படித்துத் தனியே சிரிக்கின்றனர். அரங்கிலோ, அவ்வரியைப் படித்து முடிக்குமுன் முந்நூறு பேர் சிரித்து விடுகின்றனர். “என்ன சொன்னார்?” என்று பிள்ளை நம் பக்கம் திரும்பிக் கேட்கின்றது.